நாற்பத்தொன்பதாவது கதவு

நீதான் எழுதினாய். வேறு யாரும் எழுதவில்லை. உன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஆணா பெண்ணா என்றுகூட இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஓடைக்கரைக் குடிசைகளைக் கணக்கெடுக்க வந்து, வரிசையின் கடைசிக் கதவில் தொங்கிய பித்தளைப் பூட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் குடிசையில் ஒரு வார்த்தை கேட்காமல், வேப்பமர நிழலில் ஐந்து நிமிஷம் காத்திருக்காமல், பதிவேட்டின் ஏழாவது கட்டத்தில் ‘பூட்டியுள்ளது’ என்று எழுதிவிட்டுப் போனது நீதான். பூட்டியிருந்தால் ஆள் இல்லை, ஆள் இல்லாவிட்டால் பட்டியலில் பெயர் இல்லை, பெயர் இல்லாவிட்டால் வீடு இல்லை. அதை எழுத உனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? பேனாவை மூடிக்கொண்டு நீ போய்விட்டாய். நீ எழுதியதை நாலு வருஷமாகத் தலையில் சுமந்து திரிகிறவள் அமலோற்பவம்.

அமலோற்பவம் யார் என்று நீ கேட்கலாம். கருவேலம்பேட்டை திட்டப்பகுதியில் வாரியம் ஏழைகளுக்கென்று கட்டிவிட்ட ஆயிரத்து நூறு வீடுகளுக்கு எஸ்டேட் ஆபீசர் அவள். பத்து வயதில் மார்க்கெட் வாசலில் கொத்தமல்லிக் கட்டு விற்று, பதினெட்டில் வாரிய அலுவலகத்துக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றுகிறவளாக வந்து, ஃபைல் தூக்கி, ஃபைலைப் படித்து, தபாலில் படித்துப் பரீட்சை எழுதி, அதே அலுவலகத்தின் சுழல் நாற்காலியில் முப்பதாவது வருஷம் உட்கார்ந்தவள். மோட்டார் ரிப்பேர்காரன் இரண்டு நாள் கேட்டால் ஒரு நாள் என்பாள், கழிவுநீர் லாரிக்காரன் நாளைக் காலை என்றால் இன்று சாயங்காலம் என்பாள், யார் எதைக் கேட்டாலும் அதில் பாதிக்கு முடிப்பது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. மாடிப்படி விளக்கு திருட்டு, மேல் வீட்டுக் குளியலறை கீழ் வீட்டுக் கூரையில் ஒழுகுவது, துணிக்கொடி எவருடையது என்ற சண்டை, தண்ணீர்த் தொட்டியில் விழுந்த பூனை, எல்லாவற்றையும் பேரம் பேசியே தீர்த்துவைத்தவளுக்கு, நீ எழுதின அந்த ஒரே வார்த்தையோடு மட்டும் பேரம் படியவில்லை.

நடந்தது இதுதான்.

ஓடைக்கரையில் நாற்பத்தொன்பது குடிசைகள். மழைக்கு முன்னால் கரையைக் காலி செய்து தர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அவர்களுக்காகத்தான் ஜி பிளாக் கட்டி முடித்து வெள்ளையடித்து நின்றது, தளத்துக்குப் பன்னிரண்டாக நாலு தளத்தில் நாற்பத்தெட்டு வீடுகள். ஏன் நாற்பத்தெட்டு என்றால் உன் பதிவேட்டில் நாற்பத்தெட்டுப் பேர்தான். யாருக்கு எந்த வீடு என்பதைக் குலுக்கல் போட்டுத்தான் சொல்ல வேண்டும், அதுவும் பயனாளிகளின் கண்ணெதிரே, மைக்கில் வாசித்து. ஆனி மாதத்து ஒரு காலையில் சமுதாயக் கூடத்தில் இரண்டு நீல பிளாஸ்டிக் டிரம்கள் வைக்கப்பட்டன. ஒன்றில் பெயர்கள், இன்னொன்றில் கதவு எண்கள். பெயர்ச் சீட்டுகளை இளநிலை உதவியாளர் தணிகாசலம் தன் கையாலேயே எழுதித் தர, அமலோற்பவம் ஒவ்வொன்றையும் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, நாலாக மடித்து உள்ளே போட்டிருந்தாள்.

முதல் சீட்டை எடுக்க லோகநாயகியைக் கூப்பிட்டார்கள். அவள் புருஷனுக்கு ஒரு பக்கம் விழுந்து மூன்று வருஷம். தரைத்தளம் கிடைக்காவிட்டால் அவரை மாடியில் ஏற்றிய நாளோடு அவர் வெளியுலகம் முடிந்தது. அவள் கண்ணை மூடி, உதடு முணுமுணுக்க, டிரம்முக்குள் முழங்கை வரை விட்டு ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

தணிகாசலம் பிரித்தார். மைக்கில் வாசித்தார். “பவுனம்மா. ஓடைக்கரை. கதவு எண் நாற்பத்தொன்பது.”

கூடத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. கடைசி வரிசையில், மார்க்கெட்டிலிருந்து நேராக வந்து, செதில் ஒட்டிய கையை முந்தானையில் மறைத்தபடி, மற்றவர்கள் சாவி வாங்குவதைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று உட்கார்ந்திருந்த பவுனம்மா மட்டும் எழுந்து, “நான் ஒண்ணும் பண்ணலீங்க மேடம்,” என்றாள்.

“யாரு இந்தச் சீட்டைப் போட்டது?” என்று கேட்டாள் அமலோற்பவம்.

“நான் நாப்பத்தெட்டுதான் மேடம் எழுதினேன்,” என்றார் தணிகாசலம். “நீங்கதானே மடிச்சீங்க.”

இரண்டாவது சீட்டு பவுனம்மா. மூன்றாவது பவுனம்மா. தணிகாசலத்தின் அதே சாய்வெழுத்து, அதே ஊதா மை. ஏழாவது சீட்டுக்கு மேல் அவருக்கு வாசிக்கக் கூச்சமாகி, “இதுவும் அவங்கதான்,” என்று மட்டும் சொல்லத் தொடங்கினார். இருபதாவது வந்தபோது பின்னால் இருந்தவர்கள் டீக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். நாற்பத்தெட்டையும் கொட்டிப் பிரித்து மேஜைமேல் பரப்பியபோது, மழைக்கு ஒதுங்கிய ஆடுகள் மாதிரி நாற்பத்தெட்டு பவுனம்மாக்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

ஆட்டோ ஓட்டும் காஜா மொய்தீன்தான் முதலில் பேசினான். “பின்ன என்னா மேடம்? நாலு வருஷமா அக்கா பேரை வெளியவே நிக்க வெச்சீங்க. கதவைத் தொறந்ததும் மொத்தமா உள்ள வந்துடுச்சு.”

“வாயை மூடு காஜா. திரும்ப எழுதுங்க தணிகாசலம். கறுப்பு மையில எழுதுங்க.”

கறுப்பு மையில் எழுதியும் பவுனம்மா. அச்சடித்துக் கொண்டுவந்தும் பவுனம்மா. மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து, மனிதக் கை பட்டால்தானே தப்பு வரும் என்று, கம்ப்யூட்டர் குலுக்கலுக்கு ஒரு ஆளை மடிக்கணினியோடு அனுப்பினார்கள். அவர் பொத்தானைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிரிண்டர் எட்டுப் பக்கம் துப்பியது. அவர் எட்டையும் பார்த்துவிட்டு, “ஒரே பேர்ல இத்தனை பேரா இங்க?” என்று கேட்டார்.

யார் இந்தப் பவுனம்மா? மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுப்பவள். விடிவதற்கு முன் போனால் பகல் சாய்ந்துதான் வருவாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, சண்டை இல்லை. ஓடைக்கரையில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் பானைத் தண்ணீர் அவள் கையால்தான் சூடாகும். அவள் கதவில் அந்தப் பூட்டு எப்படி வந்தது என்று தெரியுமா உனக்கு? கணக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்னால் இதே வாரியம் கரையில் கூட்டம் போட்டு, காகிதம் இல்லாதவர்களுக்கு வீடு கிடையாது, காகிதங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னது. நாற்பத்தெட்டுப் பேர் காதில் வாங்கிக்கொண்டு தூங்கப் போனார்கள். ஒருத்தி மட்டும் மறுநாளே போய்ப் பூட்டு வாங்கினாள். வாரியம் சொன்னதைக் கேட்டு நடந்த ஒரே ஆள் அவள், வாரியத்தின் பட்டியலில் இல்லாத ஒரே ஆளும் அவள். முப்பத்தொரு மனு போட்டாள். முப்பத்தொன்றுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. அதற்கப்புறம் மனு எழுதித் தருகிறவரே இறந்துபோனதால் விட்டுவிட்டாள்.

அமலோற்பவம் தலைமை அலுவலகத்துப் பெரிய சாருக்குப் போன் போட்டாள்.

“சார், நாப்பத்தெட்டும் பவுனம்மா பேர்லதான் வருது.”

“அந்தம்மா லிஸ்ட்லயே இல்லையே.”

“அதைத்தான் சார் நாலு வருஷமா எழுதறேன். லிஸ்ட்ல சேத்துடுங்க, ஒழுங்கா நடக்கும்.”

“கணக்கெடுப்புப் பதிவேட்டுல இருக்கறதை நாம திருத்த முடியாதும்மா. எழுதினவங்களேதான் அடிச்சு, பக்கத்துல சுருக்கொப்பம் வெச்சு, தேதி போடணும். விதி அப்படி.”

“எழுதினவங்க யாருன்னு யாருக்கும் தெரியலையே சார்.”

“அப்போ கண்டுபிடிங்க.”

“அதுவரைக்கும் குலுக்கல் இல்லாம, இருக்கற நாப்பத்தெட்டுப் பேருக்கு நானே பாத்துக் குடுக்கட்டுமா?”

“குலுக்கல் இல்லாம குடுத்தா உங்களை சஸ்பெண்ட் பண்ணுவேன்.”

“குலுக்கினா அந்தம்மா பேர்தானே சார் வருது!”

“கத்தாதீங்க. திரும்பக் குலுக்குங்க.”

அவள் போனை வைத்த வேகத்தில் மேஜையின் கண்ணாடியில் கீறல் விழுந்தது. அதற்குள் கம்ப்யூட்டர் தன் வேலையைத் தானே தொடர்ந்து, எட்டுப் பக்கத்தையும் ஒதுக்கீட்டு உத்தரவுகளாக்கி மேலே அனுப்பிவிட்டிருந்தது. அங்கே வழக்கம்போல நாற்பத்தெட்டையும் யாரும் படிக்காமல், மூலையை மட்டும் புரட்டிப் புரட்டிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ‘மூன்று நாளில் சாவி ஒப்படைக்கவும்’ என்று சிவப்பில் குறித்துக் கீழே தள்ளினார்கள். கையெழுத்தான உத்தரவு என்பது வாரியத்தில் சாமி மாதிரி. அதை எதிர்த்து யாரும் கேள்வி கேட்பதில்லை, படைத்துவிட வேண்டியதுதான்.

“சரி,” என்றாள் அமலோற்பவம். “உத்தரவுல யார் பேர் இருக்கோ அவங்க கையில குடுக்கறேன். என்னை எவன் கேப்பான், பாக்கறேன்.”

அப்படித்தான் ஒரு புதன்கிழமை மத்தியானம், இரும்பு வளையத்தில் கோத்த நாற்பத்தெட்டுச் சாவிகள் பவுனம்மாவின் கைக்கு வந்தன. எடை தாங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஓடைக்கரை மொத்தமும் மூட்டை முடிச்சோடு ஜி பிளாக் வாசலில் நின்றது. அவள் யாரையும் கேட்கவில்லை, எதையும் குலுக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், ஒவ்வொரு சாவியாகக் கழற்றினாள். லோகநாயகிக்குத் தரைத்தளத்தில் முதல் வீடு, படுத்திருக்கிறவருக்கு ஜன்னல் வழியே தெரு தெரிகிற வீடு. இரண்டு மருமகள்கள் உள்ள ராணிக்கும் அவள் சம்பந்திக்கும் நடுவில் ஒரு தளம் இடைவெளி. கண் தெரியாத கோவிந்தனுக்குக் குழாயடிப் பக்கம், சத்தம் வைத்தே வழி கண்டுபிடிக்கட்டும் என்று.

“அக்கா, எனக்கு மூணாவது மாடியா?” என்று காஜா மொய்தீன் கத்தினான். “இது உனக்கே நியாயமா?”

“நாள் பூரா ஆட்டோல குந்திக்கினே கீறே. ஏறி எறங்கு, தொப்பை கரையும்.”

எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்துக்கொண்டே ஏறினான். முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் ஒரு ஒதுக்கீடு அடிதடி இல்லாமல் முடிந்ததை அமலோற்பவம் அன்றுதான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கடைசியில்தான் உறைத்தது. வளையம் காலியாகியிருந்தது.

“உன்னுது எங்கே?”

பவுனம்மா வளையத்தைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள். திரும்ப எண்ணினாள். “எண்ணும்போது என்னை விட்டுட்டேன் போலக்குதுங்க.”

“அவங்கதான் விட்டாங்க, நீயுமா உன்னை விடுவே?”

“நாலு வருசமா பழகிப்போச்சுங்க மேடம்.”

அமலோற்பவத்துக்கு அவளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது, உட்கார்ந்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் அலுவலக நேரத்தில் வசதியில்லாததால் தணிகாசலத்தைத் திட்டினாள். நாற்பத்தெட்டுக் குடும்பமும் ஆளுக்கு ஆள், எங்க வீட்டுக்கு வா என்று கையைப் பிடித்து இழுத்தது. பவுனம்மா ஒவ்வொரு கையாக விலக்கினாள். “பூட்டுனதுக்குத்தானே என் பேரை வுட்டாங்க? பூட்டிக்கிறதுக்குச் சொந்தமா ஒரு கதவு வேணும் எனக்கு. உங்க வூட்டுக் கதவை நான் எப்படிடி பூட்டறது?” என்று சொல்லிவிட்டு, காலி வளையத்தை அமலோற்பவத்தின் மேஜையில் வைத்துவிட்டு, ஓடைக்கரையில் தனியாக நின்ற நாற்பத்தொன்பதாம் குடிசைக்குத் திரும்பிப் போனாள்.

அதன் பிறகு ஜி பிளாக்கில் எழுதப்பட்ட எந்தக் காகிதத்திலும் வேறு பெயர் நிற்கவில்லை. மின்சார அட்டையில் பவுனம்மா, கேஸ் புத்தகத்தில் பவுனம்மா, பள்ளிக்கூடத்தில் காப்பாளர் என்ற இடத்தில் அறுபத்து மூன்று பிள்ளைகளுக்கும் பவுனம்மா. வாரியத்தின் படிவத்தில் ‘ஒதுக்கீடு பெற்றவருக்கு என்ன உறவு’ என்ற கேள்விக்கு ஜனங்கள் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. லோகநாயகி மகள் என்று எழுதினாள், காஜா மொய்தீன் தம்பி என்று எழுதினான், கோவிந்தன் தன்னைவிட இருபது வயது இளையவளை அத்தை என்று எழுதச் சொன்னான், ஏனென்றால் அத்தை முறையில் அவனுக்கு யாரும் மிச்சமில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் பவுனம்மா என்று கூப்பிட்டால் பதினோரு பேர் எழுந்தார்கள். பெஞ்சில் யார் முன்னால் உட்கார்ந்திருந்தார்களோ அவர்களே அந்த நேரத்துப் பவுனம்மா என்று வைத்துக்கொண்டார்கள். காஜாவின் மகள் கல்யாணப் பத்திரிகையில் மணமகள், மணமகன், அழைப்போர் மூவருமே பவுனம்மாவாக அச்சாகி வந்தது. அச்சகத்துக்காரர் திருப்பி அடிக்கட்டுமா என்றதற்கு, “வுடுங்க பாய், கல்யாணம் யாருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா,” என்று காஜா அதையே எல்லோருக்கும் கொடுத்தான். இரண்டாவது தளத்துப் பெரியவர் ஒருவர் காலமானபோது, அவருடைய மீசை வைத்த படத்துக்குக் கீழே பவுனம்மாவுக்குக் கண்ணீர் அஞ்சலி என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்தது. மார்க்கெட்டிலிருந்து வந்தவள் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு, “போட்டா நல்லாகீது,” என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல முதல் பானைத் தண்ணீர் வைக்கப் போனாள். குழாயடிச் சண்டை ஒன்று போலீஸ் ஸ்டேஷன் வரை போய், புகார் கொடுத்தவரும் பவுனம்மா, குற்றம் சாட்டப்பட்டவரும் பவுனம்மா என்று வரவே, இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டு, முதல்ல அந்தம்மா தனக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வரட்டும் என்று அனுப்பிவிட்டார். அதிலிருந்து குழாயடியில் சண்டை குறைந்தது.

தபால்காரர்தான் நேர்மையான மனிதர். பவுனம்மாவின் முகவரி ஓடைக்கரை, கதவு எண் நாற்பத்தொன்பது என்பது அவருக்குத் தெரியும். எனவே ஜி பிளாக்குக்கு வரும் கடிதம், வங்கிக் கார்டு, ஓய்வூதியத் தாள், மருந்துப் பார்சல் எல்லாம் அந்தக் கீற்றுக் குடிசையின் பித்தளைப் பூட்டுக்குக் கீழே குவிந்தன. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் நாற்பத்தெட்டு வீட்டிலிருந்தும் ஆள் இறங்கி ஓடைக்கரைக்கு நடந்தது. அவள் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து, படிக்கத் தெரியாததால் உறையை மூக்கருகே பிடித்துப் பார்த்து, இது மருந்து, கோவிந்தனுக்கு, இது பாங்கு, ராணிக்கு என்று பிரித்துக் கொடுத்தாள். ஒருநாளும் தப்பவில்லை. வீடு கிடைத்தவர்கள் எல்லோரும், வீடு கிடைக்காதவளின் வாசலில் போய் நின்றுதான் தங்கள் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நீ நினைப்பாய். அமலோற்பவத்திடம் வந்து சொல்லிப் பார். தேய்ந்த செருப்பு அவளுடையது. உன்னைத் தேடி அவள் போகாத இடமில்லை. கணக்கெடுப்பைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனியின் விலாசத்தில் இப்போது ஒரு பிரியாணிக் கடை இருக்கிறது. கடைக்காரர் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார், உன்னைத் தெரியாது என்றார். உன் சுருக்கொப்பத்தைப் படமெடுத்து ஊரெல்லாம் காட்டினாள். புளியம்பழம் மாதிரி ஒரு வளைவு, கீழே ஒரு புள்ளி. அது யாருடைய பெயரின் எந்தப் பகுதி என்று ஒருவருக்கும் புரியவில்லை.

பதிவேட்டை அவள் மூக்குக்கண்ணாடி வைத்துப் படித்த அன்றுதான் இன்னொன்றும் தெரிந்தது. பூட்டிய வீட்டுக்கு மூன்று வெவ்வேறு நாளில் மூன்று தடவை போய்ப் பார்த்த பிறகுதான் ஏழாவது கட்டத்தில் அப்படி எழுத வேண்டும் என்பது விதி. நீ மூன்று தேதி போட்டிருந்தாய். மூன்றும் ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதியது. அதில் இரண்டாவது தேதி, புயல் அடித்த வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ஓடை கரைமேல் ஏறி நாற்பத்தொன்பது குடிசையும் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. ஜனங்கள் மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் கிடந்தார்கள். நீ அன்றைக்கு எதில் வந்தாய்? படகிலா?

“தணிகாசலம்,” என்று அவள் அன்று மெதுவாகக் கூப்பிட்டாள். அவள் மெதுவாகக் கூப்பிட்டால் தணிகாசலம் முதலில் வாசலைத்தான் பார்ப்பார். “கதவைச் சாத்துங்க. அந்தப் பதிவேட்டை இப்படிக் கொண்டாங்க.”

“மேடம், வேணாம் மேடம். வேலை போயிடும்.”

“போனா கொத்தமல்லி விக்கறேன்.”

பழைய காகிதத்தில் முப்பது தடவை உன் புளியம்பழத்தைப் போட்டுப் பழகினாள். பிறகு கர்த்தரை நினைத்துக்கொண்டு, ‘பூட்டியுள்ளது’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘வசிக்கிறார்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு வளைவு, ஒரு புள்ளி வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் வளைவு நெளிந்து நீண்டு, புள்ளி தலைக்கு ஏறி, ‘பவுனம்மா’ என்று தெளிவாக நின்றது. தன் விவரத்தைத் தானே திருத்திக்கொள்ளப் பயனாளிக்கு அதிகாரம் இல்லை என்பதும் விதி. பக்கத்தை மேலே அனுப்பியதில், திருத்தம் செல்லாது என்று குறித்து, அதைச் சுரண்டி எடுத்துத் திருப்பி அனுப்பி, கூடவே அவளிடம் விளக்கமும் கேட்டிருந்தார்கள். விளக்கத்தை நாலு பக்கம் எழுதினாள். அடியில் அவள் போட்ட கையெழுத்தும் பவுனம்மாவாகிப் போனதால், சம்பந்தப்பட்ட அலுவலர் பதில் அளிக்கவில்லை என்று நினைவூட்டல் வந்தது.

“இந்த ஆபீஸ்ல நான் வேலை செய்யறேனா இல்லையா, அதையாவது சொல்லுங்கடா!” என்று அவள் போட்ட கூச்சலில் மாடியில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன.

இப்போது மழை வந்துவிட்டது. கரையில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு குடிசை, அதில் ஆள் இல்லை என்று உன் பதிவேடு சொல்கிறது, ஆள் இல்லாத குடிசையை இடிக்க நோட்டீஸ் தேவையில்லை என்று விதி சொல்கிறது. திங்கட்கிழமை காலை மஞ்சள் நிற இடிப்பு இயந்திரம் வந்து நின்றது. அமலோற்பவம் குடையோடு போய் அதன் முன்னால் நின்றாள். ஒப்பந்தக்காரர் இன்றே என்றார். அவள் பத்து நாள் என்றாள். அவர் நாளை என்றார். அவள் குடையை மடக்கினாள். கடைசியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி என்று படிந்தது. ஜி பிளாக்குக்கு அடுத்ததாகக் கட்டியிருக்கும் எச் பிளாக்கின் பட்டியலை மூடுவதும் அதே வெள்ளி, அதே ஐந்து மணி. அதற்குள் ஏழாவது கட்டம் திருந்தினால் பவுனம்மாவின் பெயர் எச் பிளாக்கில் ஏறும், அவளுக்கென்று ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள். திருந்தாவிட்டால் குடிசையும் போகும், பட்டியலும் மூடும். அடுத்த குலுக்கலுக்கு வேறு கரையிலிருந்து காத்திருக்கிற இன்னும் நாற்பத்தெட்டுக் குடும்பத்துக்கும் டிரம்மிலிருந்து என்ன பெயர் வரும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

அமலோற்பவம் அலுவலகத்து இரும்பு மேஜையைத் தூக்கிவரச் சொல்லி ஓடைக்கரை வேப்பமரத்தடியில் போட்டிருக்கிறாள். மேலே தார்ப்பாய். மேஜைமேல் உன் பதிவேடு, உன் பக்கம் திறந்தபடி, பறக்காமலிருக்க அந்தக் காலி இரும்பு வளையம் வைத்து. நூலில் கட்டிய பேனா. இயந்திரம் பத்தடி தள்ளி நனைந்துகொண்டு நிற்கிறது. அதன் டிரைவருக்குப் பவுனம்மா சங்கரா மீன் குழம்பு ஊற்றிக் கொடுத்திருக்கிறாள், அவர் உன்னைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார். ஜி பிளாக்கில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. லோகநாயகியின் புருஷனை நாற்காலியோடு தூக்கிவந்துவிட்டார்கள். எல்லோரும் கதவைப் பூட்டிக்கொண்டு சாவியோடு வந்து நிற்கிறார்கள். உன்னைப் போல ஒருவர் இப்போது அந்தப் படிகளில் ஏறினால், நாற்பத்தெட்டுக் கட்டத்திலும் பூட்டியுள்ளது என்று எழுதிவிட்டு இறங்க வேண்டியதுதான்.

“வருவாங்களா மேடம்?” என்று கேட்கிறார் தணிகாசலம். மணி நாலேகால்.

“வராம எங்க போவாங்க?”

“நானு வேணா பூட்டைக் கயட்டி வெச்சிடட்டுமா?” என்கிறாள் பவுனம்மா. “வந்து பாத்துட்டு மறுபடியும் ஆளில்லன்னு போயிடப் போறாங்க.”

“கழட்டாதே. அது பாட்டுக்குத் தொங்கட்டும். பக்கத்துல நில்லு.”

ஆகவே நீ வா. எங்கே இருந்தாலும், இப்போது எந்தக் கம்பெனிக்கு எதை எண்ணிக்கொண்டிருந்தாலும், போட்டது போட்டபடி விட்டுவிட்டு வா. உன்னை யாரும் அடிக்கமாட்டார்கள், அதற்கு அமலோற்பவம் பொறுப்பு. உட்கார நாற்காலி இருக்கிறது, தட்டில் உனக்கும் குழம்பு இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை அடி. உன் புளியம்பழத்தைப் போடு. தேதி போடு, இந்த முறை நிஜமான தேதி. மூன்று தடவை வர வேண்டிய நீ ஒரே தடவைதான் வந்தாய், இன்னும் இரண்டு தடவை உன் கணக்கில் நிற்கிறது. அமலோற்பவம் எதையும் பாதிக்கு முடிப்பவள். உனக்காக அதிலும் ஒன்றைத் தள்ளிவிட்டாள்.

ஒரு தடவை வந்தால் போதும். மணி நாலரை. வா.